செடியைத் தவிர எதுவும் மாறக்கூடாது: வீட்டுச் செடிகளின் வளர்ச்சியைப் படங்களில் தொடர ஒரு வழிகாட்டி

என் மொபைலில் எங்கள் வீட்டு மணி பிளாண்ட்டின் படங்கள் நூற்றுக்கு மேல் இருந்தன. வாங்கி வந்த அன்று எடுத்தது, முதல் தளிர் விட்டபோது எடுத்தது, தங்கைக்கு அனுப்ப எடுத்தது, ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் சும்மா எடுத்தது. இரண்டு வருடம் கழித்து ஒருநாள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். செடி வளர்ந்ததா, நான்தான் கிட்டே போய் எடுத்தேனா என்று ஒரு படத்தை வைத்தும் சொல்ல முடியவில்லை. ஒன்றில் இலை கரும்பச்சை, அடுத்ததில் மஞ்சள். நோயா, பல்பா? தெரியாது.

தினமும் பார்க்கிற கண்ணுக்கு வளர்ச்சி தெரியாது. வருடத்துக்கு ஒருமுறை ஊரிலிருந்து வரும் சித்திதான் "பையன் என்னமா வளர்ந்துட்டான்!" என்பார். படங்கள் நமக்குச் சித்தியின் கண்ணைத் தரும். ஆனால் அந்தச் சித்தி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று, ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும். மொத்த வித்தையும் இவ்வளவுதான்: இரண்டு படங்களுக்கு நடுவே செடியைத் தவிர வேறு எதுவும் மாறக்கூடாது. கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் இதற்காகத்தான்.

தனி கேமரா வேண்டாம். நான் எடுப்பது சாதாரண மொபைலில்தான். மற்றபடி ஒரு ஸ்டூல், ஒரு சார்ட் பேப்பர், ஓர் அடிஸ்கேல், ஸ்டிக்கர் பொட்டு ஓர் அட்டை, தினசரி காலண்டர். பெரும்பாலும் இவை வீட்டிலேயே கிடக்கும்.

எந்தச் செடி?

ஆரம்பத்திலேயே பால்கனியில் இருக்கிற பதினைந்து தொட்டியையும் எடுக்கப் போகாதீர்கள். மூன்றாவது வாரமே அலுத்துவிடும். ஒன்று போதும், மிஞ்சினால் மூன்று.

புதிதாகத் தொடங்குபவருக்கு மணி பிளாண்ட்டை மிஞ்ச ஒன்று இல்லை. ஒரு கணுவுக்கு ஓர் இலை என்று கணக்காக வளரும். சுருட்டிய பாயைப் போல வெளியே வந்து விரியும் ஒவ்வொரு புது இலையும் படத்தில் தெளிவாகத் தெரியும். ஸ்நேக் பிளாண்ட் நேர் எதிர். அதை வாராவாரம் எடுத்தால் ஒரே படத்தைப் பத்து முறை எடுத்த மாதிரி இருக்கும், மாதம் ஒருமுறை போதும். ஸீஸீ பிளாண்ட் இன்னொரு ரகம். மாதக்கணக்கில் அப்படியே நிற்கும், திடீரென்று மண்ணைப் பிளந்துகொண்டு இரண்டு மூன்று தண்டுகள் ஒன்றாகக் கிளம்பும். பொறுமை இருந்தால் எடுங்கள். கிளம்பும்போது பார்க்க அருமையாக இருக்கும்.

கறிவேப்பிலை, துளசி, செம்பருத்தி எல்லாம் வெளியே காற்றில் ஆடும். பறிப்போம், கிள்ளுவோம். வளர்ச்சியை அளக்க அவை சரிப்படாது. ஆனால் இலை வெளுக்கிறதா, பூச்சி வந்ததா என்று கண்காணிக்க அவற்றையும் இதே முறையில் எடுக்கலாம்.

படமெடுக்கும் மூலையை அமைப்பது

இந்த வேலைக்கு ஒரு முழு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். இதை ஒழுங்காகச் செய்துவிட்டால் அப்புறம் வாரத்துக்கு ஐந்து நிமிடம்தான்.

ஜன்னலிலிருந்து பக்கவாட்டில் வெளிச்சம் விழுகிற ஒரு சுவரைத் தேர்ந்தெடுங்கள். ஜன்னலுக்கு நேர் எதிரே கேமராவை வைத்து, நடுவில் செடியை வைத்தால் செடி கறுத்து, வெறும் நிழலுருவமாகத்தான் வரும். சுவரில் பூவேலைப்பாடு, சுவிட்ச் போர்டு, மாட்டிய படம் எதுவும் இருந்தால் பின்னால் ஒரு சார்ட் பேப்பர் ஒட்டிவிடுங்கள். பளிச்சென்ற வெள்ளை வேண்டாம். வெள்ளை அதிகமாக இருந்தால் கேமரா "வெளிச்சம் கூடிப்போச்சு" என்று நினைத்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், பச்சை கறுப்பாகிவிடும். வெளிர்சாம்பல் சார்ட்தான் எனக்கு நன்றாக வந்தது. வெள்ளைப் புள்ளியும் மஞ்சள் தீற்றலும் உள்ள ரகங்களுக்கும் அதுவே சரி.

அடுத்தது தொட்டியின் இடம். தொட்டியைத் தட்டோடு வைத்து, தட்டின் விளிம்பைச் சுற்றித் தரையில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். தொட்டியின் முன்பக்கத்தில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வையுங்கள். படமெடுக்கும்போது அந்தப் புள்ளி எப்போதும் கேமராவைப் பார்க்க வேண்டும். செடி ஒரே பக்கமாகச் சாயாமல் இருக்க வாராவாரம் கால்வட்டம் திருப்பிவைக்கிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். வெளிச்சம் படாத பக்கத்தில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கூடுதலாகச் சேரும். அந்தப் பக்கத்துச் செல்கள் நீளும், தண்டு ஜன்னல் பக்கம் வளையும். தாராளமாகத் திருப்புங்கள், ஆனால் படத்துக்கு மட்டும் பழைய முகத்தையே காட்டுங்கள். அல்லது மூன்று மாதம் திருப்பாமலே விட்டு, எவ்வளவு சாய்கிறது என்று பாருங்கள். அதுவும் நல்ல தொடர்தான்.

இனி தூரம். எல்லோரும் தவறுவது இங்கேதான். 40 செ.மீ. தூரத்திலிருந்து எடுத்தால், தண்டைவிட 20 செ.மீ. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இலை, தண்டோடு ஒட்டியிருக்கும் அதே அளவு இலையைப் போல இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். 120 செ.மீ. தூரத்துக்குப் போனால் அந்த மயக்கம் 1.2 மடங்காகக் குறையும். எனவே நான்கு அடி பின்னால் போங்கள். படத்தில் செடி சின்னதாகத் தெரிந்தால் பிறகு படத்தின் ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம். அகலக்கோண லென்ஸை, அதாவது 0.5 அல்லது 0.6 என்று காட்டுவதை, தொடவே வேண்டாம். அது ஓரத்தில் இருப்பதை இழுத்துவிடும். வீட்டில் இரண்டடி டைல்ஸ் பதித்திருந்தால் தூரம் அளக்க டேப்கூட வேண்டாம், இரண்டு டைல் எண்ணினால் நான்கு அடி.

மொபைலை ட்ரைபாடிலோ, ஸ்டூல் மேல் அடுக்கிய புத்தகங்களிலோ நிறுத்துங்கள். உயரம் செடியின் நடுப்பகுதிக்கு நேராக இருக்கட்டும். ஸ்டூலின் நான்கு கால்களும் நிற்கும் இடத்தில் தரையில் ஆளுக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு. மொபைல் நிற்கும் விளிம்பில் ஸ்டூலின் மேலேயும் ஒன்று. அம்மா "பொட்டு வைக்க முகமா இல்லை இந்த வீட்டில்?" என்று கேட்டார். வீடு துடைக்கும்போது தரைப் பொட்டுகள் ஒரே மாதத்தில் காணாமல் போயின, அப்புறம் அங்கேயும் நெயில் பாலிஷுக்கு மாறிவிட்டேன். சுவரில் ஒட்டியவை இன்னும் இருக்கின்றன.

சுவரில் எதற்கு என்றால், படத்தின் சட்டத்தை, அதாவது ஃபிரேமை, சரிபார்க்க. சார்ட் பேப்பரின் இரண்டு மேல் மூலைகளிலும் ஒவ்வொரு பொட்டு வையுங்கள். கேமராவில் கட்டக் கோடுகளை இயக்கி, அந்தப் பொட்டுகள் கோட்டின் மேல் உட்காரும்படி பாருங்கள். ஆண்ட்ராய்டில் ஓப்பன் கேமரா என்ற இலவச ஆப் கிடைக்கிறது. போன முறை எடுத்த படத்தை மங்கலாகத் திரையில் காட்டும் வசதி அதில் உண்டு. பழைய தொட்டியின் மேல் புதுத் தொட்டியைப் பொருத்திவிட்டு பட்டனை அழுத்தினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. முதல் படத்தில் செடி அழகாக நிறைந்து தெரிய வேண்டும் என்று நெருக்கமாகச் சட்டம் கட்டாதீர்கள். நான் அப்படித்தான் கட்டினேன், ஆறே மாதத்தில் கொடியின் நுனி படத்துக்கு வெளியே போய்விட்டது. தொட்டி கீழ் மூன்றில் ஒரு பங்கில் இருக்கட்டும், மேலே வெறும் சுவர் தெரியட்டும். அந்த வெற்றிடம் செடி வளர்வதற்கு.

அளவும் தேதியும் படத்துக்குள்ளேயே

அடிஸ்கேலை நெட்டாக, தொட்டியின் பக்கத்தில், தண்டு இருக்கும் அதே தளத்தில் நிறுத்துங்கள். முன்னால் வைத்தால் ஸ்கேல் பெரிதாகத் தெரியும், செடி குட்டையாகிவிடும். பின்சுவரில் ஒட்டினால் அதற்கு நேர்மாறு. தொட்டி மண்ணிலேயே ஓரமாகச் செருகிவிடலாம், ஆனால் தண்ணீர் ஊற்ற ஊற்ற அது அமிழும். நான் ஒரு செங்கல்லில் கட்டி நிறுத்தியிருக்கிறேன். இலையைக் கிட்டத்தில் எடுக்கும்போது 10 ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்தால் போதும், அதன் குறுக்களவு 27 மி.மீ. ஏ.டி.எம். கார்டு 85.6 மி.மீ. நீளம், பான் கார்டும் அதே அளவுதான். ஆனால் எண்ணோடு அதைப் படமெடுத்து, நாளைக்கு "என் செடி எப்படி?" என்று குரூப்பில் அனுப்பி வைப்பீர்கள். நாணயமே நல்லது.

தேதிக்குத் தினசரி காலண்டர். அன்றைய தாளைக் கிழித்துத் தொட்டியின் காலடியில் சாய்த்து வையுங்கள். பெரிய எழுத்தில் தேதி, தமிழ் மாதம், கிழமை எல்லாம் படத்திலேயே வந்துவிடும். மொபைல்தான் தேதியைப் பதிகிறதே என்பீர்கள். பதிகிறது. ஆனால் மெசேஜ் ஆப்களில் படமாக அனுப்பும்போது அந்த விவரம் பெரும்பாலும் உதிர்ந்துவிடும், வந்திறங்கிய தேதிதான் மிஞ்சும். பழைய மொபைலிலிருந்து புதியதுக்கு மாற்றியபோது என் படங்கள் நாற்பது சொச்சமும் ஒரே தேதியில் எடுத்தவையாகக் காட்டின. காலண்டர் தாள் வைத்தவற்றை மட்டும்தான் வரிசைப்படுத்த முடிந்தது. இன்னொரு லாபமும் உண்டு. தாளில் எழுத்தில்லாத இடம் வெள்ளையாக இருக்கும் அல்லவா? நிறத்தைச் சரிபார்க்க அதுவே உதவும். ஒரு படத்தில் அந்த வெள்ளை மஞ்சளடித்தால், இலை மஞ்சளாகத் தெரிவதையும் நம்ப வேண்டாம்.

வெளிச்சம்

காலை எட்டு மணி என்று வைத்துக்கொண்டால் எப்போதும் காலை எட்டு. டியூப்லைட், எல்.இ.டி. பல்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், ஃபிளாஷை அறவே மறந்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் பல்பு வெளிச்சமும் கலந்தால் ஒரு பக்க இலை நீலம், மறுபக்கம் மஞ்சள் என்று வரும்.

நேர் வெயிலும் ஆகாது. ஜன்னலில் வெள்ளை வேட்டி ஒன்றைத் தொங்கவிடுங்கள். வெளிச்சம் பரவி, நிழல் மென்மையாகும். இதற்கென்று விற்கும் துணிகளை விட, துவைத்துத் துவைத்து நைந்த பழைய வேட்டி நன்றாக வேலை செய்கிறது.

ஒரே நேரம் என்பதில் இன்னொரு காரணம் உண்டு. செடி சும்மா நிற்பதில்லை. தூங்குமூஞ்சி மரம் சாயங்காலம் இலையை மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். தொட்டியில் தானாக முளைக்கும் புளியாரையும் அதைச் செய்யும். வீட்டுக்குள் வளர்க்கும் மராண்டாவின் இலைகள் இரவில் கை கூப்பினாற்போல் மேலே எழும். காலையில் ஒரு படமும் ராத்திரி ஒரு படமும் எடுத்தால் செடி ஒரே நாளில் வளர்ந்த மாதிரி இருக்கும். தண்ணீர் விஷயமும் இப்படித்தான். பீஸ் லில்லி தாகமெடுத்தால் துவண்டு படுத்துவிடும், ஊற்றிய சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். அதனால் நான் சனிக்கிழமை சாயங்காலம் மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றிவிட்டு, ஞாயிறு காலை எடுக்கிறேன்.

திரையில் இலையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டப்படும். பெரும்பாலான மொபைல்களில் இது உண்டு. எப்போதும் ஒரே இலையின் மேல் அழுத்துங்கள். போர்ட்ரெய்ட் மோடு இலை ஓரங்களை மங்கலாக்கிவிடும். ஃபில்டர்கள் செடியில் இல்லாத பச்சையைக் கொண்டுவரும். இரண்டும் வேண்டாம். கையால் அழுத்தினால் மொபைல் ஆடும், மூன்று விநாடி டைமர் வையுங்கள்.

இவ்வளவு செய்தும் மாதங்கள் போகப் போக வெளிச்சம் மாறும். சூரியன் நகர்வது அப்படி. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் ஒவ்வொரு நாள் சூரியன் சரியாக உச்சிக்கு வரும், அதைத்தான் நிழலில்லா நாள் என்கிறோம். இந்த இரண்டுக்கும் இடையில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். மற்ற எல்லா மாதமும் தெற்கே. மார்கழியில் உச்சியிலிருந்து சுமார் 36 டிகிரி தெற்கே இறங்கிவிடும். அதனால்தான் தெற்குப் பார்த்த ஜன்னலில் மார்கழி வெயில் ஹாலுக்குள் நீண்டு படுக்கிறது. சித்திரை, வைகாசியில் அதே ஜன்னலில் வெயிலையே காணோம், வடக்கு பால்கனியில் வைத்த செடி கருகுகிறது. படத்தில் இதைத் தடுக்க வேட்டி போதும். ஆனால் செடிக்கும் இதே மாற்றம்தான் நடக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க எடுத்த படங்களைப் பார்க்கும்போது இது கைகொடுக்கும்.

ஞாயிறு காலை ஐந்து நிமிடம்

தொட்டியைக் கோட்டில் வை, புள்ளியை முன்னால் திருப்பு, காலண்டர் தாள், ஸ்கேல், பூட்டு, டைமர். முதல் படம் இதுதான், தொடரில் சேர்வதும் இது மட்டும்தான். இதை மூன்று முறை எடுத்து நல்லதை வைத்துக்கொள்வேன்.

அப்புறம் மூன்று படங்களைக் கையில் பிடித்தே எடுக்கலாம்: மேலிருந்து ஒன்று, புதுக் கொழுந்து ஒன்று நாணயத்தோடு, அடியிலுள்ள பழைய இலையின் பின்பக்கம் ஒன்று. பின்பக்கப் படத்தைச் சோம்பேறித்தனத்தில் விட்டுவிடாதீர்கள். மாவுப்பூச்சியும் சிலந்திப்பேனும் முதலில் குடியேறுவது அங்கேதான். பேன் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு சின்னது, ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மெல்லிய நூலாம்படையும் பொடிப்பொடிப் புள்ளிகளும் தெரியும்.

கொடியின் நுனி போன வாரப் படத்தோடு சரியாகப் பொருந்தவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வளரும் நுனிகள் எல்லாமே மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருப்பவை. சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிசும் இதைத்தான் வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள், 1880இல் வெளியிட்டார்கள். அவர்களிடம் கேமரா இல்லை. தண்டு நுனியில் மெல்லிய கண்ணாடி இழை ஒன்றை ஒட்டி, அதன் முனையில் அரக்கு மணி வைத்து, முன்னால் ஒரு கண்ணாடித் தகட்டை நிறுத்தி, மணி தெரிகிற இடத்தில் நேரத்துக்கு நேரம் புள்ளி வைத்தார்கள். புள்ளிகளைச் சேர்த்தால் கோணல்மாணலான வட்டங்கள் வந்தன. சுவரில் பொட்டு வைத்தபோது இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அம்மாவுக்குப் பதில் சொல்லியிருப்பேன்.

படத்தில் வராததை எழுதி வைப்பது

படத்தின் பெயரை 'மணி-2025-06-15' என்பதுபோல வருடம், மாதம், நாள் என்று வையுங்கள். பெயர் வரிசையில் அடுக்கினாலே தேதி வரிசை வந்துவிடும். 15-06-2025 என்று வைத்தால் எல்லா மாதத்துப் பதினைந்தாம் தேதிகளும் ஒன்றாகக் கூடிக்கொள்ளும்.

கூடவே ஒரு நோட்டு. ஒரு ஞாயிறுக்கு ஒரு வரி. இதற்கு நம் மொழி ரொம்ப வசதி. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று இலையின் ஒவ்வொரு வயதுக்கும் ஒரு சொல் இருக்கிறது. "கொ 1, த 1, இ 9, ப 1" என்று எழுதினால் செடியின் அன்றைய குடும்பக் கணக்கே முடிந்தது. எது எந்த இலை என்று குழம்பாமல் இருக்க, தொடங்கும் நாளில் கடைசி இலையின் காம்பில் சிவப்பு நூல் ஒன்றைத் தளர்வாகக் கட்டுங்கள். அதற்கு மேலே வருவதெல்லாம் புதுக்கணக்கு.

அந்த வரியிலேயே அந்த வாரம் நடந்ததையும் எழுதுங்கள்: உரம் போட்டது, மண் மாற்றியது, ஊருக்குப் போனது, மழை, எதுவாக இருந்தாலும். குறிப்பாக இடம் மாற்றியது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது, நான் அதில் விழுந்தேன். படத்தில் செடி நிற்கும் இடம் வேறு, வாரம் முழுக்க வாழும் இடம் வேறு. படம் மூலையைத்தான் காட்டும், வாழுமிடத்தைக் காட்டாது.

ஒரு வருடம் மணி பிளாண்ட்டின் புது இலைகள் சின்னச் சின்னதாக வந்தன. உரம் போதவில்லை என்றேன் நான். தண்ணீர் கூடிப்போச்சு என்றார் அம்மா. படங்களை வரிசையாகப் பார்த்தபோது, நூல் கட்டிய இடத்திலிருந்து ஆறாவது கணு வரை இடைவெளி ஒரே மாதிரி இருந்தது. ஏழாவதிலிருந்து நீண்டுகொண்டே போனது. வெளிச்சத்தைத் தேடி எட்டிப் போகும் செடியின் அடையாளம் அது. ஏழாவது கணு எந்த வாரம் வந்தது என்று பார்த்தேன். தை பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால். நோட்டில் அந்த வாரம் ஒரே சொல்: வெள்ளையடிப்பு. பொங்கலுக்குப் பெயிண்ட் அடிக்க ஜன்னலோரத்திலிருந்து ஃபிரிட்ஜ் பக்கத்துக்கு நகர்த்தியவர்கள் திரும்ப ஜன்னலுக்குக் கொண்டுபோகவே இல்லை. மூன்று மாதமாக ஞாயிறு காலை மட்டும் நான் அதை எடுத்துவந்து வெளிச்சத்தில் வைத்துப் படம்பிடித்து, மறுபடி இருட்டில் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தேன்.

படங்களைப் படிப்பது

எட்டு பத்து படங்கள் சேரும் வரை ஒப்பிடாதீர்கள், ஏமாற்றம்தான் மிஞ்சும். சேர்ந்த பிறகு முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் மொபைலில் மாற்றி மாற்றித் தட்டிப் பாருங்கள். மூலையைச் சரியாக அமைத்திருந்தால் தொட்டி அசையாமல் நிற்கும், செடி மட்டும் துள்ளும்.

எதை அளப்பது? உயரத்தை அளக்கத் தோன்றும். கொடிக்கு உயரம் பொய் சொல்லும், வளைந்தால் குறையும், கட்டினால் கூடும். நம்பகமானது இலைகளின் எண்ணிக்கை. அடுத்து, புது இலையின் நீளத்தை அதற்கு முந்தைய இலையோடு ஒப்பிடுவது. மூன்றாவதாக, கணுக்களுக்கு இடையிலான தூரம். துல்லியமாக வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் உருவானது, ஆய்வுக்கூடங்களில் பயன்படுத்துவது. படத்திலுள்ள ஸ்கேலின் மேல் ஒரு கோடு இழுத்து "இது 10 செ.மீ." என்று சொல்லிவிட்டால், அதன்பின் நீங்கள் இழுக்கும் எந்தக் கோட்டின் நீளத்தையும் சொல்லும். இலையின் ஓரத்தைச் சுற்றி வரைந்தால் பரப்பளவும் கிடைக்கும். கேமராவைப் பார்த்துத் தட்டையாக இருக்கும் இலைகளை மட்டும் அளந்து பாருங்கள். சாய்ந்த இலை உண்மையைவிடச் சின்னதாகத்தான் தெரியும்.

புது இலைகள் சின்னதாகிக்கொண்டே வந்தால் எல்லாமே வெளிச்சக் குறைவு என்று நினைக்க வேண்டாம். மணி பிளாண்ட் தொங்கினால் இலை சிறுக்கும், ஏறினால் பெருக்கும். பசிபிக் கடலில் தஹிதிக்குப் பக்கத்திலுள்ள மோரேயா தீவுதான் அதன் பூர்வீகம், அங்கே அது மரமேறும் கொடி. நம் ஊரிலும் பழைய பங்களாத் தோட்டங்களில், தென்னையிலும் மாமரத்திலும் முறம் போன்ற இலைகளோடு ஓரம் கிழிந்து கிழிந்து ஏறியிருக்கும் ஒரு கொடியைப் பார்த்திருப்பீர்கள். பாட்டிலில் வளர்க்கிறோமே, அதே செடிதான். தேங்காய்நார் சுற்றிய கம்பு ஒன்றை ஊன்றி, அன்றிலிருந்து ஒரு தொடர் எடுத்துப் பாருங்கள். நான் எடுத்தவற்றில் வேறெந்தத் தொடரும் இவ்வளவு மாற்றம் காட்டியதில்லை.

மஞ்சள் எங்கே தொடங்கியது என்பதுதான் படங்கள் சொல்லும் அடுத்த பெரிய செய்தி. அடியிலுள்ள ஓர் இலை எப்போதாவது பழுத்தால் அது வயசு. அடி இலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளுத்தால் தழைச்சத்து குறைகிறது, அல்லது வேர் தண்ணீரில் ஊறுகிறது. காரணத்தை மண்ணைத் தொட்டுப் பார்த்துப் பிரியுங்கள். நுனியிலுள்ள புதுத் தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. உப்பும் சுண்ணாம்புமான போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் கறிவேப்பிலையிலும் செம்பருத்தியிலும் இதை அடிக்கடி பார்க்கலாம். மண்ணில் இரும்பு இருந்தாலும், காரத்தன்மை கூடினால் வேரால் எடுக்க முடியாது. நேரில் பார்க்கும்போது மொத்தச் செடியுமே "வாடிப்போச்சு" என்றுதான் தோன்றும். எது முதலில் வெளுத்தது என்பதைப் போன மாதப் படம்தான் சொல்லும்.

ஓடும் படமாக்குவது

வாரம் ஒரு படம் என்றால் வருடத்துக்கு 52. விநாடிக்கு 6 படம் வீதம் ஓடவிட்டால் ஒன்பது விநாடிக்குள் ஒரு வருடம் முடிந்துவிடும். எந்த வீடியோ ஆப்பிலும் இதைச் செய்யலாம், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு கொழுந்து விரிவதை மட்டும் எடுக்க ஆசையிருந்தால் பழைய மொபைல் ஒன்றை அந்த வேலைக்கே விட்டுவிடுங்கள். சார்ஜரில் போட்டு, 15 நிமிடத்துக்கு ஒரு படம், பகல் 12 மணி நேரம். நாளுக்கு 48 படம், ஐந்து நாளில் 240. விநாடிக்கு 24 வீதம் பத்து விநாடிப் படம். மேகம் போய் வருவதால் படம் மினுக்கும். சிரமம்தான், ஆனால் ஒருமுறை பார்த்துவிட வேண்டிய காட்சி. ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பெஃபர் 1900ஐ ஒட்டிய வருடங்களில், சினிமாவே பிறந்து சில வருடமே ஆகியிருந்தபோது, செடிகளின் அசைவை இப்படி இடைவெளி விட்டுப் படம்பிடித்து மாணவர்களுக்குக் காட்டினார். அவற்றில் தொட்டாற்சிணுங்கியும் உண்டு.

தொடர் அறுபடும் இடங்கள்

தொட்டி மாற்றினால் உயரம், அகலம், புள்ளி எல்லாம் மாறிப்போகும். அன்றைக்குப் பழைய தொட்டியில் ஒரு படம், புதுத் தொட்டியில் ஒரு படம், இரண்டையும் ஒரே காலையில் எடுத்துவிடுங்கள். அந்த ஜோடிதான் பாலம். நடுவே வேரையும் ஒரு படம் எடுங்கள். வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் நலம். பழுப்பேறிக் கொழகொழவென்று நாறினால் அழுகல். அந்தப் படம் கிடைப்பது வருடத்தில் அந்த ஒரு நாள்தான். கொடியை வெட்டிவிட்டாலும் இதேதான், வெட்டுமுன் ஒன்று, வெட்டியபின் ஒன்று. ஒரு வாரம் விட்டுப்போனால் விட்டுப்போனதுதான். புதன்கிழமை எடுத்து ஈடுகட்டலாம், தேதியை மட்டும் உள்ளபடி எழுதுங்கள்.

ஊருக்குப் போகும்போதுதான் மூலையை எவ்வளவு நன்றாக அமைத்தோம் என்று தெரியும். போன வைகாசியில் பத்து நாள் வெளியூர். எதிர்வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, "சனிக்கிழமை தண்ணி, ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு ஒரு போட்டோ, பொட்டு இருக்கிற இடத்தில ஸ்டூலை வையுங்க அக்கா, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனேன். அவர் தன் மொபைலில் எடுத்து அனுப்பினார். இன்றைக்குத் தொடரை ஓடவிட்டால் அவர் எடுத்தது எது என்று நிறத்தையோ கோணத்தையோ வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. காலண்டர் தாளைப் பிடித்திருக்கும் மருதாணி விரல் ஒன்று கீழ் மூலையில் எட்டிப் பார்க்கிறது, அதை வைத்துத்தான்.